இடது பக்கத்து ஓட்டை

கோல்கீப்பருக்குக் கையைவிட வாய்தான் முக்கியம். நம்பாதவர்கள் ஒரு நாள் கோலுக்கு முன்னால் நின்று பார்க்கட்டும். அணியில் மற்ற பத்துப் பேரின் முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அவன் ஒருவன்தான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவன் கத்தாவிட்டால், வலைக்குள் விழுந்த பந்தைக் குனிந்து எடுப்பது மட்டுமே அவன் வேலையாக இருக்கும். செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி அணிக்காக மூன்று வருடம் நான் கத்தினேன். என் பெயர் தௌசிஃப். இப்போது மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கேயும் கத்தலுக்குக் குறைச்சல் இல்லை.

இது என்னைப் பற்றிய கதை இல்லை, தீனதயாளனைப் பற்றியது. ஆனால் நான் யோக்கியன் போல ஒதுங்கி நின்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தீனா கருங்குழிக்காரன். அவன் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், கூடவே ஒரு லோடு வேன். மழை நாளில் வரப்பு எங்கே உடைந்தாலும் ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கிற வேலை சின்ன வயதிலிருந்தே தீனாவுடையது. பக்கத்து வயல் வரப்பு உடைந்திருந்தாலும் அடைத்துவிட்டு வருவான். உடைந்தது என்று அந்த வயல்காரரிடம் போய்ச் சொல்லவும் மாட்டான். "அதான் அடைச்சாச்சே, அப்புறம் இன்னாத்துக்கு சொல்லிகினு?" என்பான். கல்லூரியிலும் அப்படித்தான். எவனாவது லேப் ரெக்கார்டு முடிக்காமல் விழித்தால் இவன் வாங்கி எழுதிக் கொடுப்பான். நான் அவனை ஊர்ப் பொதுச்சொத்து என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வான்.

அணியில் அவன் ஸ்டாப்பர். கோலுக்கு நேர் எதிரே, டிஃபென்ஸின் நடுவில் நிற்கிறவன். அவனுக்கு இடது கைப் பக்கம் லெஃப்ட் பேக்காக நின்றவன் முனிசாமி. திருவிடந்தைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், மீன்பிடிக்கிற குடும்பம். தாத்தா பெயரை வைத்துத் தன்னைக் கிழவனாக்கிவிட்டார்கள் என்று அவனே புலம்புவான். நாங்கள் முனி என்று கூப்பிட்டோம். மணலில் ஓடி உரம் ஏறிய கால்கள் அவனுக்கு. கட்டாந்தரையில் அவனை முந்த எங்கள் மாவட்டத்தில் ஆள் இல்லை.

முனியிடம் ஒரே ஒரு கோளாறு. லெஃப்ட் பேக் என்பவன், ஓரமாகப் பந்தோடு ஓடி வருகிற எதிரி விங்கருக்கு ஓரடி உள்பக்கமாக நிற்க வேண்டும். கோலுக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு, மைதானத்தின் ஓரக்கோட்டுப் பக்கம் வேண்டுமானால் போய்க்கொள் என்று விட வேண்டும். அந்தப் பக்கம் போனால் கோடுதான் இருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டினால் நமக்கு லாபம். பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது. முனி நேர்மாறாக நிற்பான். கோட்டை ஒட்டி நின்றுகொண்டு, உள்பக்கத்தை வாசல் மாதிரித் திறந்து விடுவான்.

முதல் வருடம் ஒரு பயிற்சி ஆட்டத்திலேயே நான் இதைப் பார்த்துவிட்டேன். விங்கர் உள்ளே திரும்பப் போகிறான். "தீனா, லெஃப்ட்டு!" என்று கத்தினேன். தீனா மூன்று எட்டு இடது பக்கம் நகர்ந்து அந்த ஓட்டையை அடைத்தான். பந்து அவன் காலில் வந்து நின்றது. அவ்வளவுதான், முடிந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. "தீனா, லெஃப்ட்டு!" என்பேன், அவன் போவான். ஆறே மாதத்தில் நான் கத்தவும் தேவைப்படவில்லை. விங்கர் பந்தைத் தொடுவதற்குள் தீனா அங்கே இருப்பான். பெஞ்சிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டை இருந்ததே தெரியாது. எங்கள் பி.டி. மாஸ்டர் பரணிதரன் சார், "நம்ம டீம்ல லெஃப்ட் சைடு கோட்டை மாரி கீதுடா" என்று முனியின் முதுகில் தட்டுவார். முனிக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். தீனாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சொல்லியிருக்கலாம். கோல் விழவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தோம், பேசாமல் இருந்துவிட்டோம்.

மூன்றாம் வருடம் மண்டலப் போட்டியின் இறுதியாட்டம் வரை போனோம். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. பல்கலைக்கழக அணியில் ஆடினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு அது இல்லாமல் வாசலில்கூட நிற்க முடியாது. எங்கள் டிஃபென்ஸிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள், அது தீனா இல்லையென்றால் முனி என்று பரணிதரன் சார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தீனாவின் அப்பா அப்போது கால் எலும்பு முறிந்து வேனை ஓட்ட முடியாமல் வீட்டில் இருந்தார். முனியின் அண்ணன்கள் மூன்று பேரும் கடலுக்குப் போகிறவர்கள். "நானாவது தரையில நிக்கணும்டா மச்சான்" என்று முனி அடிக்கடி சொல்வான். இரண்டு பேருக்குமே அந்த ஒரு இடம் வேண்டியிருந்தது.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சார் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அரையிறுதி ஆட்டத்தை யாரோ போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"தீனா, வீடியோ பாத்தேன். நீ இன்னாடா, நடுவுல நிக்காம சும்மா சும்மா லெஃப்ட்டுக்கு ஓடிகினே கீற? செலக்டர் பாக்கறது பொசிஷனைத்தான். உன் எடத்துல நில்லு. எவன் கூப்ட்டாலும் போவாத." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

தீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முனி பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தப்பு தீனாவுடையது என்று சார் நினைத்துவிட்டார். 'நான் ஏன் போகிறேன் தெரியுமா சார்?' என்று தீனா ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அங்கேயே விஷயம் தீர்ந்திருக்கும். அவன் முனியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"சரி சார்" என்றான்.

நானும் வாயைத் திறக்கவில்லை. கத்துவதற்கென்றே பிறந்தவன் நான், அன்றைக்கு எனக்கு என்ன கேடு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுடைய விங்கர் கோட்டை ஒட்டியே ஓடிப் பார்த்தான், முனி சுவர் மாதிரி நின்றான். இடைவேளையில் அவர்களுடைய கோச் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். விங்கர் பந்தை வாங்கினான், முனி கோட்டுப் பக்கம் போய் நின்றான், விங்கர் சட்டென்று உள்ளே திரும்பினான்.

"தீனா, லெஃப்ட்டு!"

தீனா என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு எட்டு வைத்தான். நின்றுவிட்டான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போக வேண்டும் என்று கால் துடிக்கிறது, ஆள் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறான். நான் பாய்ந்தேன், விரல் நுனியில்கூடப் படவில்லை. பந்து வலைக்குள் போனது.

அடுத்த கோலும் அதே வழியில்தான் விழுந்தது. இந்த முறை தீனா ஒரு எட்டுகூட வைக்கவில்லை.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். பரணிதரன் சார் எல்லோர் முன்னாலும் முனியைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். "உள்ள தொறந்து வுட்டுட்டு நிக்கிறியே, மூணு வருசமா இன்னாத்தடா கத்துகின?"

முனி முழித்தான். "சார், நான் எப்பவும் நிக்கற மாரிதான் சார் நின்னேன்" என்றான். அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. அது உண்மை என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான் இருந்தோம். இரண்டு பேரும் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தோம். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தீனாவை எடுத்தார்கள். 'இடத்தை விட்டு நகராத ஸ்டாப்பர்' என்று குறிப்பு எழுதினார்களாம். முனி அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. பரீட்சை எழுதினான், இரண்டு பேப்பர் பாக்கி வைத்தான், அண்ணன் படகில் ஏறிவிட்டான்.

தீனாவுக்குச் செங்கல்பட்டிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்பாவின் காலுக்கு ஆபரேஷன் செய்தான், வீட்டுக்குத் தளம் போட்டான். பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்தவன் என்பார்கள். ஆனால் ஆள் மாறிவிட்டான். அலுவலக அணியில் ஆடக் கூப்பிட்டால் முட்டி வலி என்பான். முட்டியில் ஒரு மண்ணும் இல்லை. என் பஸ் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அதையே கேட்பான்: "சார் சொன்னாருன்னு நின்னேனாடா, இல்ல எனக்கு வேணும்னு நின்னேனா?"

"ரெண்டும்தான். டீயைக் குடி" என்பேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஆறு வருடமாக இதே கேள்வி.

போன மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பெயர் கீர்த்தனா, மதுராந்தகம் பக்கம். எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்துவிட்டான், முனிக்கு மட்டும் கொடுக்கவில்லை. தபாலில் அனுப்பட்டுமா என்று என்னிடம் கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அப்படியே பைக்கில் ஏற்றித் திருப்போரூர் வழியாகத் திருவிடந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணம் ஆகவில்லையே என்று சனங்கள் மாலையோடு வந்து பெருமாளைச் சுற்றுகிற ஊர் அது. கல்யாணம் நிச்சயமானவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது அன்றைக்குத்தான் இருக்கும்.

சாயங்காலம் நாலரை மணி. கரையில் படகுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முனி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். உடம்பு கறுத்து இறுகியிருந்தது, சிரிப்பு மட்டும் பழையதுதான்.

"இன்னா மச்சான், இப்பதான் வழி தெரிஞ்சுதா? அண்ணிகிட்ட சொல்லி ரெண்டு பேத்துக்கும் மீன் வறுக்கச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு ஆட்டம் வாங்கடா."

கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கிப் பார்த்து, படகுக்குள் பத்திரமாக வைத்தான். தீனா முட்டி வலி என்றான். முனி கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துவிட்டான். நான் வழக்கம் போலக் கோலில் நின்றேன். இரண்டு கம்பு நட்டிருந்தார்கள், அதுதான் கோல்.

கடல் எங்களுக்கு இடது கைப் பக்கம். தீனா அந்தப் பக்கம் நின்றான். எதிர் அணியிலிருந்து ஒருவன் பந்தோடு வந்தான். தீனா முறைப்படி ஓரடி உள்ளே நின்று, கோலுக்குப் போகும் வழியை மறித்து, வெளிப்பக்கத்தை விட்டான். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன் அல்லவா. வந்தவன் தடுமாறிப் பந்தை வெளியே தட்டினான். பந்து நேராகப் போய் அலையில் விழுந்தது.

கரையே கத்தியது. "யோவ், கடல் பக்கம் நில்லுயா! பந்து போச்சு பாரு!"

நான் சுற்றிப் பார்த்தேன். இரண்டு அணியிலும் டிஃபென்ஸில் நின்ற ஒவ்வொருவனும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரை ஒட்டித்தான் நின்றான். கோல் பக்கம் எல்லோருக்குமே திறந்து கிடந்தது.

முனி சிரித்துக்கொண்டே வந்தான். "இங்க அப்டித்தான் மச்சான். கோல் போனா போவுது, பந்து போவக் கூடாது. எவன் வுட்டானோ அவன்தான் நீஞ்சிப் போயி எடுக்கணும். சின்ன வயசுல எத்தினி பந்து போயிகீது தெரியுமா? அண்ணங்காரன் பின்னி எடுத்துடுவான்."

கல்லூரி மைதானத்தின் ஓரக்கோட்டையும் கடலாக நினைத்துத்தான் முனி காவல் காத்திருக்கிறான். ஏன் அப்படி நிற்கிறாய் என்று மூன்று வருடத்தில் நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"முனி, அன்னிக்கு ஃபைனல்ல நான் வந்திருக்கலாம்டா. தெரிஞ்சேதான் வரல" என்றான் தீனா.

முனி சிரிப்பை நிறுத்தினான்.

"அப்புறமா அந்த செமி ஃபைனல் வீடியோவை நானும் பாத்தேன் மச்சான். நீ அன்னிக்கு வராதது பேஜாரு இல்ல. மூணு வருசமா வந்துகினே இருந்தியே, அதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா மாத்தி நின்னிருக்க மாட்டனா?" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயும்தான் தௌசிஃபு. பின்னாடி நின்னு எல்லாத்தையும் பாத்துகினு இருந்தவன் நீ. தீனா, தீனான்னு கத்தினியே, என் பேரைச் சொல்லி ஒருவாட்டி கத்தினியா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்து அலையில் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தீனா சட்டையைக் கழற்றக்கூட இல்லாமல் தண்ணீரில் இறங்கினான். ஏரியில் நீந்திப் பழகியவன், அலை இரண்டு தடவை அவனைப் புரட்டிப் போட்டது. முனி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிட்டு, தானே நீந்திப் போய்ப் பந்தை எடுத்து வந்தான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. தீனா நனைந்த பேண்ட்டோடு, தண்ணீரை ஒட்டி நின்றான். முடிகிறவரை அவனை உள்ளே வரச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான்கு கோல் விழுந்தது.