கடைசி வீட்டு வாசலில் பவுனு

1. முதல் சவாரி

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடவும் ஊசி குத்தவும் பழகியவன் நான். குதிரையை வண்டியில் பூட்டியிருக்கத்தான் பார்த்திருக்கிறேன். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர் வேலை கிடைத்துப் போன அன்றே, பெரியதுரை ஒரு செவலை மட்டக்குதிரையைக் காட்டினார்.

"டிரஸ்ஸர், இது உன் குதிரை. பத்து மணி, மேல் டிவிஷன். லேட் கூடாது."

குதிரைக்காரர் ஆறுமுகம் அண்ணன்தான் என்னை மூட்டை மாதிரித் தூக்கி மேலே வைத்தார்.

"பேரு பவுனு. சும்மா சும்மா வாரை இழுக்காதீங்க டிரஸ்ஸரே. உங்களுக்குத்தான் வழி தெரியாது, அதுக்கு எல்லாம் தெரியும்லா."

படித்துவிட்டு வந்தவனுக்குக் குதிரை வழி காட்டுவதா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காட்டத்தான் செய்தது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்துப் பையோடு என்னையும் சுமந்து, பாதை பிரியும் இடமெல்லாம் தானே திரும்பிக் முதலில் கீழ் டிவிஷனில் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கும், அதைத் தாண்டி மேல் டிவிஷனுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2. கழனித் தண்ணீர்

பவுனுக்கு ஒரு கெட்ட பழக்கம். லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றுவிடும். அந்த வீட்டு மாரியாயி அரிசி கழுவிய தண்ணீரில் உப்புப் போட்டுப் பானையோடு கொண்டுவந்து வைப்பாள். எனக்கு முன்னே இருந்த டிரஸ்ஸர் காலத்திலிருந்து நடக்கும் கூத்து இது. பானை காலியாகும்வரை நான் மேலே உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும்.

"தீனிப் பண்டாரம்! இதுக்கு ஏம்மா பழக்கி வச்சிருக்கீங்க?" என்று கத்துவேன்.

"ரெண்டு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்யா. உங்களையே சுமக்குதே!" என்பாள் மாரியாயி. என் உடம்பு அப்படி.

அவளுக்கு அப்போது எட்டு மாதம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதை நிறுத்தியிருந்தாள். காலையில் லயமே மரத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

3. ரோத்தான் அடி

முந்தின வாரம் இரண்டு தடவை மேல் டிவிஷனுக்குப் பிந்திப் போய்ப் பெரியதுரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் நேரமாகிவிட்டது. பவுனு வழக்கம்போல் கடைசி வீட்டில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. பானையும் இல்லை, ஆளும் இல்லை.

"இன்னைக்கு உனக்குப் பட்டினி. நட" என்றேன்.

நடக்கவில்லை. கடிவாளத்தை வெட்டி இழுத்தேன். பத்தடி போய், திரும்பவும் வாசலுக்கே வந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையில் இருந்த ரோத்தான் பிரம்பால் இரண்டு அடி போட்டேன். தோல் சிலிர்த்தது, கால் நகரவில்லை. மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போதுதான் அந்தக் கேள்வி என் மண்டைக்கு எட்டியது. மாரியாயி எங்கே போயிருப்பாள்?

இறங்கிக் கதவைத் தள்ளினேன். தரையில் கிடந்தாள். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கண் சொருகிவிட்டது; பேர் சொல்லிக் கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. அருகில் அரிசி கழுவின பானை கவிழ்ந்து கிடந்தது. கொய்னா ஊசி போட்டேன். தண்ணீரில் துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆள் வேண்டும். அவள் புருஷன் பால் வெட்டும் மர நிரை எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

பவுனு மேல் ஏறிக் கடிவாளத்தைத் தளர விட்டேன். அதுவரை ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. "ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போ சாமி" என்று குதிரையிடம் கெஞ்சினேன். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கியதற்குச் சவாரி என்று பேர் இல்லை. மரங்களுக்கு நடுவே பறந்து போய், பால் வாளிகளோடு நின்ற ஆட்களிடம் கொண்டுபோய் நிறுத்தியது. நான்கு பேர் அவளைக் கட்டிலில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

மதியம் பெரியதுரை வந்து குதித்தார். "மேல் டிவிஷன் ஏன் போகலே?"

"குதிரை நின்னுச்சு துரை. நானும் நின்னேன்."

கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்றாம் நாள் மாரியாயி கண் விழித்தாள். அந்த மாதமே பெண் குழந்தை பிறந்தது. அடித்த அன்றே சாயங்காலம் பவுனின் தொடையில் தடித்திருந்த இரண்டு கோடுகளுக்கும் நானே எண்ணெய் தடவினேன். அது கழனித் தண்ணீருக்குத்தான் நின்றதென்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது என் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால், இரண்டு உயிர் போயிருக்கும். அழுகை வந்தது, அழுதேன்.

4. மோட்டார் சைக்கிள்

மூன்று வருஷம் கழித்து எனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். பவுனு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சும்மா மேய்ந்தது. முதல் நாள் கீழ் டிவிஷன் லயத்தில் பெருமையாகப் படபடவென்று போனேன். கடைசி வீட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் மாரியாயி பானையோடு நின்றாள், பக்கத்தில் மகள்.

இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"பவுனு எங்கய்யா?"

"அதுக்கு வயசாயிருச்சும்மா. இனிமே இதுதான்."

வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "இது தானா நிக்குமா?"

"நான் நிப்பாட்டுறேன்" என்றேன்.

புதுசாக டிரஸ்ஸர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளா, முப்பது வருஷ வேலையில் நான் கற்றதெல்லாம் அவ்வளவுதான். சாத்தியிருக்கும் கதவைக் கண்டால் இறங்கித் தட்டுங்கள். பெரியதுரை காத்திருக்கட்டும்.

அன்றைக்கு மாரியாயி பானையை இடுப்பில் வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பவுனைப் பார்க்க நடந்தாள். ஆஸ்பத்திரிவரை நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூடப் போனேன். பவுனு எங்கள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே பானைக்குள் மூக்கை விட்டது.