தலைவரிடம் அனுமதி கேட்டோம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே செய்யலண்ணே, அதுவா நின்னுருச்சு." காரைக்குடியில் கடை நடத்திக்கொண்டே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் உழைத்த நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற மென்பொருள் அது. அதற்கும் ஒரு தலைவர் வைத்திருந்தோம். ஏதாவது ஒரு தலைவருக்குக் கைதட்டிக் கை வலித்தவர்கள் உங்களில் இருந்தால் என் எரிச்சல் புரியும்.

திரையில் தலைவர்

நாங்கள் சரிசெய்து கொடுக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், திறந்தவுடன் தலைவர் படம் வரவேண்டும் என்று குழுவில் தீர்மானம். கன்னத்தில் கைவைத்து எங்கோ தூரத்தைப் பார்க்கிற படம். வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும்தான். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக்கிய ஓர் இடத்தில், வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிட்டு வந்தேன். ஒரே வாரத்தில் மேனேஜர் போன் செய்தார். "தம்பி, வர்ற விருந்தாளியெல்லாம் இவுக எப்பத் தவறுனாகன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

பெயர் கேட்டவர்

ஒக்கூர் சிவகாமி எங்கள் குழுவில் நிஜமாகவே வேலை தெரிந்தவர். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ள தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருளை இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினார். தலைவர் மேடையேறி, "நான் உங்களுக்குத் தந்த குரல்" என்றார். கைதட்டினோம். வெட்கக்கேடு, நான் எழுந்து நின்று தட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் சிவகாமி இரண்டே விஷயம் கேட்டார். மென்பொருளில் தன் பெயரும் இருக்கட்டும், பெண்களை வாடி போடி என்று பேசுவதைத் தலைவர் நிறுத்தட்டும். தலைவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்காகத் திறக்கத்தான் நாங்கள் இருந்தோமே! போகிற இடமெல்லாம் தலைவர் பெயரைச் சுவரில் ஒட்டிவந்த எங்கள் செயலாளர் எழுந்து கேட்டார்: "ஏம்மா, இயக்கம் பெருசா, ஒம் பேரு பெருசா?"

மூன்று வார மனு

சிவகாமி விலகினார். கோபத்தில் தலைவர் அந்த மென்பொருள் இருந்த இணையதளத்தையே பூட்டிவிட்டார். கடவுச்சொல் அவர் ஒருவரிடம்தான்; எழுதிய சிவகாமியே உள்ளே போக முடியாது. அந்த நேரம் பார்த்து, மென்பொருள் பாதிப் பக்கத்தில் வாசிப்பை நிறுத்த ஆரம்பித்தது. அதைத் திருத்தத் தேவையான மூல நகல் என் கடையிலேயே இருந்தது. ஆனால் குழு என்ன செய்தது? "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு" என்று, அதைத் திருத்த அனுமதி கேட்டு மனு எழுதியது. மூன்று வாரம் பதில் இல்லை. நானும் காத்திருந்தேன், மடையன்.

முருகேசன் பார்வையற்ற கல்லூரி மாணவர். அந்த மென்பொருளை வைத்துத்தான் அவர் படிப்பே. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கையில் டவுன் பஸ் பிடித்து லேப்டாப்போடு வந்து நின்றார். தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம் என்றேன். "அண்ணே, மென்பொருளோட நீங்க அனுப்புன உரிமப் பத்திரத்த இந்த மெஷினுதான் எனக்கு வாசிச்சுச்சு. யாருட்டயும் அனுமதி கேக்க வேணாம்னுதானே அதுல இருக்கு? நீங்க படிக்கலையா?"

நன்றி சொன்னேன்

அவர் எதிரிலேயே நகலைச் சிவகாமிக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் சரிசெய்து அனுப்பிவிட்டார். முருகேசன் பரீட்சை எழுதினார். சிவகாமிக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். "முருகேசனுக்காகச் செஞ்சேண்ணே. அன்னைக்கிக் கைதட்டுனவுகளுக்கு இல்ல."

சுதந்திரம் சுதந்திரம் என்று மேடைக்கு மேடை முழங்கிய எங்களுக்கு, அதைப் பயன்படுத்த மட்டும் ஒருவருடைய கையெழுத்து தேவைப்பட்டது.