ஷீபாவின் மூன்று குட்டிகள்

கோசலாவுக்கு ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு அது முடியாமல் உட்காரத் தெரியாது. ஹட்டன் கடைத்தெருவில் அவள் கணவர் சண்முகராஜா நடத்தும் இரும்புக்கடைக்குப் பின்னால்தான் வீடு. ஆணி வாங்க வருகிறவர்கள்கூட அவளுடைய அல்சேஷன் நாய் ஷீபாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஷீபா மூன்று குட்டி போட்டது. அவை போன வீடுகளுக்கெல்லாம் கோசலா தன் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். காலையில் பாலும் முட்டையும், மத்தியானம் இறைச்சி, இரண்டு வேளையும் கல்சியம் மாவு. குட்டி கொழுகொழுவென்று வளர வேண்டும் என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாள்.

ஒரு குட்டி டிக்கோயாவில் ஜெயந்தினி டீச்சர் வீட்டில் வளர்ந்தது. புரூனோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பத்து மாதமானபோது டீச்சர் போன் பண்ணினார். ஓடும்போது முயல் மாதிரி பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவுகிறான், மாடிப்படியைக் கண்டால் நின்றுவிடுகிறான் என்றார். கோசலா அடுப்பை அணைத்துவிட்டு அப்போதே கிளம்பினாள்.

புரூனோ பார்ப்பதற்குக் கன்றுக்குட்டி போல இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். மாபிள் தரையில் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போக, மறுபடி உட்கார்ந்துவிட்டான். தாளில் இருந்ததை ஒருநாள் விடாமல் கொடுத்து வருவதாக டீச்சர் சொன்னார்.

இரண்டு நாளில் வேன் பிடித்து, புரூனோவைப் பேராதனைக்குக் கொண்டுபோனார்கள். மிருக வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சிங்களத்தில் விளக்கினார். இடுப்பெலும்பில் ஒரு குழி இருக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதற்குள் அடக்கமாக உட்கார வேண்டும். இவனுக்குக் குழி ஆழமில்லை, மூட்டு தளர்ந்திருக்கிறது, அதனால் எலும்பு எலும்போடு உரசுகிறது. தான் எழுதிக் கொடுத்த சாப்பாடுதான் காரணமா என்று கோசலா நேராகவே கேட்டாள். இது முதலில் தாய் தகப்பனிடமிருந்து வருவது, நொண்டாத நாயும் குட்டிகளுக்குக் கொடுக்கும் என்றார். ஆனால் அப்படிப் பிறந்த குட்டியைச் சீக்கிரம் பருக்க வைத்தால், கல்சியத்தை அள்ளிப் போட்டால், சின்ன வயதில் வழுக்குகிற தரையிலும் படியிலும் விட்டால் அது முற்றிவிடும் என்றும் சொன்னார்.

அந்த வாரமே ஷீபாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தாள். ஒருநாள்கூட நொண்டாத ஷீபாவுக்கும் இரண்டு பக்கமும் குழி ஆழமில்லை. தகப்பன் நுவரெலியாவில் ஒரு பங்களா நாய். அதன் நடையழகைப் பார்த்துத்தான் கோசலா சேர்த்திருந்தாள். இடுப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது.

"நாய் வளக்கிற எல்லாரும் எக்ஸ்ரே பாத்தா வளக்கிறாங்க? விடு கோசலா" என்றார் சண்முகராஜா.

"எழுதிக் குடுத்தது நான்தானேங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை அக்கரப்பத்தனை பஸ் ஏறினாள். இரண்டாவது குட்டி அங்கே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் லய வரிசை வீட்டில் இருந்தது. விலா எலும்பு தொட்டால் தெரியுமளவுக்கு ஒல்லியாக, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. அழகம்மா கூச்சப்பட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க எழுதினதெல்லாம் எங்களால முடியல. நாங்க சாப்பிடுறதத்தான் அதுவும் சாப்பிடுது."

கோசலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதுதான் சரிக்கா. இப்பிடியே வச்சுக்கங்க."

ஆனாலும் அந்தக் குட்டி உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. குளிர்காலைகளில் கொஞ்சம் மெதுவாகத்தான் எழும்பும் என்று அழகம்மாவும் சொன்னாள். இதைக் குட்டி போட விட வேண்டாம் என்று கோசலா சொல்லிவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மூன்றாவது குட்டி கொத்மலையில் மதுரன் என்பவர் வீட்டில் இருந்தது. அவர் போனை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு போனாள். நாய் கம்பீரமாக நின்றது. அவள் சொன்னதை மதுரன் சிரித்தபடி கேட்டார்.

"நல்லாத்தானே ஓடுதுங்க அக்கா? பக்கத்து வீட்டுப் பொட்ட நாயோட சேத்தும் விட்டாச்சு. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல அது குட்டி போட்டுரும்."

கோசலா வாசலிலேயே நின்றாள். பேராதனைக்குப் போகும் முன்பே நடந்து முடிந்த காரியம் அது. கோபப்பட்டு என்ன ஆகும்? இனியாவது சேர்க்காதீர்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பார்க்கலாம் என்றார் அவர். அந்தப் 'பார்க்கலாம்' எந்த வகை என்று அவளுக்குப் புரிந்தது.

பிறகு கோசலா செய்தவை சில. ஷீபாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தாள். குட்டி கேட்டு வைத்திருந்தவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னாள். டீச்சர் வீட்டுத் தரையில் கயிற்றுப்பாய் விரித்து, புரூனோவின் சாப்பாட்டைக் குறைத்து, தினமும் புல்லில் மெதுவாக நடக்க வைத்தார்கள். நான்கு மாதத்தில் அவன் இளைத்தான். வலி முற்றாகப் போகவில்லை. மழை நாட்களில் மருந்து வேண்டியிருந்தது. ஆனால் வழுக்காமல் எழுந்து வாசல்வரை வந்தான்.

இதற்கிடையே, மதுரனைப் பார்த்து வந்த மறுமாதம், கொத்மலையில் அந்தப் பக்கத்து வீட்டில் ஐந்து குட்டிகள் பிறந்ததாகக் கேள்விப்பட்டதும் கோசலா மறுபடி பஸ் ஏறினாள். வீட்டுக்காரி ஒரு சிங்களப் பெண். குட்டிகள் சமையலறை மூலையில், பளபளக்கும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தன. கோசலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முதலில் ஒரு பழைய சாக்கு கேட்டாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு பேருமாக அதைக் குட்டிகளுக்கு அடியில் விரித்தார்கள்.

அதன் பிறகு கோசலா, கல்சியம் மாவு ஏன் வேண்டாம் என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.