மாமிக்கு வைத்த ஆங்கிலப் பரீட்சை

எங்கள் குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும், சாப்பாடு முடிந்து கதை தொடங்கியதும் யாராவது என்னைக் கைநீட்டிக் காட்டுவார்கள். "இவள்தானே தன்ரை சாமத்திய வீட்டிலை குளியல் தொட்டிக்குள்ளை இருந்து உண்ணாவிரதம் பிடிச்சவள்! இவள் அடம்பிடிச்சபடியால்தான் தாய்லாந்து மாமி தண்ணி வார்த்தவ." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது, ஒழுங்கான வேலையில் இருக்கிறேன், ஆனாலும் இந்தக் கதை என்னை விடுவதாக இல்லை. முதலாவது, அது உண்ணாவிரதமே இல்லை. காலையில் நான்கு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்கினேன். மற்றதும் அவர்கள் சொல்கிற மாதிரி நடக்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பெரியவளானபோது ஆறாம் வகுப்பில் இருந்தேன். சுவிஸில், எம்மன்புரூக்கேயில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அம்மா முதலில் லண்டனுக்குத்தான் ரெலிபோன் எடுத்தார். லண்டனில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இருந்தார். எங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் வரும். எந்த மண்டபம், எத்தனை வகைப் பலகாரம், எனக்கு எந்த நிறத்தில் சேலை என்று வரிசையாக உத்தரவுகள் வந்தன. கடைசியாக ஒன்று வந்தது.

"தண்ணி வார்க்க அவளை விடவேண்டாம்."

அவள் என்றது என் மாமியை. அம்மாவின் தம்பி லுசேர்னில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். அதே ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்த தாய்லாந்துப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்திருந்தார். வீட்டில் இருவரும் சுவிஸ் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வார்கள். மாமி வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டு அல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் ஆறு வருடத்தில் ஒரு படத்தில்கூட அவர் இல்லை. ஏனென்றால் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டு கமராவை அவருடைய கையில்தான் கொடுப்பார்கள்.

சாமத்திய வீட்டில், பெரியவளான பெண் பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டியவர் மாமி. அது எங்கள் சனத்தின் முறை. எனக்குச் சொந்த மாமா ஒருவர், அவருக்கு மனைவி ஒருவர். கணக்கு அவ்வளவு சுலபம். ஆனால் பெரியம்மா அதைச் சிக்கலாக்கினார்.

"லண்டனிலை இருந்தும் கனடாவிலை இருந்தும் சனம் வருது. ஆரும் ஒரு கதை கேட்டால் அவள் முழிசிக்கொண்டு நிப்பாள். தமிழ்தான் தெரியாது, இங்கிலீஷாவது தெரியவேண்டாமோ? உலகம் முழுக்கக் கதைக்கிற பாசை!"

கூர் என்ற ஊரில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் இருந்தார். அவரும் எனக்கு மாமி முறைதான். அவர் வார்க்கட்டும் என்றார் பெரியம்மா. லண்டனிலும் கனடாவிலும் இருந்து வரப்போகிறவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களோடு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் ஒருவகைப் பக்தி. பதினைந்து வருடமாகத் தொழிற்சாலையில் ஜெர்மன் கேட்டு, ஜெர்மன் பேசி, ஜெர்மனில் ஏச்சும் வாங்கி வந்தவர், ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் மட்டும் இங்கிலீஷில் தொடங்குவார். அங்கிருக்கிற பெண் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். அவர் விடாமல் இங்கிலீஷில் கேட்பார். "உலகத்திலை எந்த மூலைக்குப் போனாலும் இங்கிலீஷ் தெரிஞ்சவன் தலை குனியமாட்டான்" என்று வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்வார். அந்த அப்பாதான் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கொண்டாட்டத்துக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம் இருக்கிறது. மாமி இங்கிலீஷில் நாலு வசனம் வரவேற்புரை பழகட்டும். பெரியம்மா வந்ததும் கேட்டுப் பார்க்கட்டும். திருப்தி என்றால் மாமியே தண்ணீர் வார்க்கட்டும். படிப்பிக்கிறது யார்? பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்களுக்கு இங்கிலீஷ் இருந்தது. புதன்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே நான்தான் ரீச்சர்.

மாமா பிடரியைச் சொறிந்துகொண்டு, "கேட்டுப் பாக்கிறன்" என்றார். மாமி மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தோம். "பிள்ளை வரட்டும்" என்று சொல்லியனுப்பினார்.

நான் எவ்வளவு பொல்லாத ரீச்சராக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சிவப்புப் பேனையோடு மாமி வீட்டுக்குப் போவேன். அப்பா எழுதித் தந்த நாலு வசனங்களையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மாமி ஒரு சொல்லை இழுத்தால் மேசையில் தட்டுவேன். அவர் எனக்கு மாம்பழமும் தங்கள் ஊர்ப் பசைச் சோறும் தந்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லா அதட்டலையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சமும் தெரியாதோ?" என்று முதல் நாளே கேட்டேன். நாங்கள் பேசியது சுவிஸ் ஜெர்மனில்தான். அவர் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"பாம்பு பாம்பு, மீன் மீன்" என்றார் மாமி. அரைகுறையாகத் தெரிந்த பாசையை அவர்கள் நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். "எங்கடை பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷைப் பிழையாய்க் கதைச்சாலும் சிரிப்பினம், வெள்ளைக்காரர் மாதிரிச் சரியாய்க் கதைச்சால் எடுப்பு எண்டு அதுக்கும் சிரிப்பினம். பேசாமல் இருக்கிறவளுக்குத்தான் நிம்மதி."

"உலகம் முழுக்கக் கதைக்கிற பாசையெல்லோ?" என்று அப்பாவின் குரலில் கேட்டேன்.

"எங்கடை நாட்டை ஒரு வெள்ளைக்காரனும் பிடிக்கேல்லை. உங்களைப் பிடிச்சவங்கள், நீங்கள் படிச்சனீங்கள்" என்றார். பிறகு தானே சிரித்தார். "ஆனால் என்ரை தங்கச்சி தன்ரை மகனை மூண்டு வயசிலையே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருக்கிறாள். உன்ரை அப்பா மாதிரி ஆக்கள் அங்கையும் நிறையப் பேர்."

பாடம் முடிந்ததும் மாமி என்னிடம் பாடம் கேட்பார். எத்தனை செம்பு தண்ணீர்? எந்தப் பக்கம் நின்று வார்க்கவேண்டும்? பாலும் அறுகம்புல்லும் தண்ணீருக்கு முன்னா, பின்னா? நான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன். ஊதா நிறத்தில் ஒரு சேலை வாங்கி, யாரோ செய்து காட்டிய வீடியோவைப் பார்த்துத் தானே கட்டப் பழகியிருந்தார். பல்கனியில் நின்ற எலுமிச்சைப் புல்லின் தலையில் ஒரு கோப்பையால் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். "கண்ணுக்குள்ளை போகாமல் வார்க்கவேணும்" என்பார். அந்தச் செம்பைக் கையில் வாங்க அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது பன்னிரண்டு வயசுக் கழுதைக்கும் விளங்கியது.

நான்காவது புதன்கிழமை, சாமான் வாங்க இருவரும் லுசேர்னுக்குப் போனோம். ஏரிக்கரையில் கப்பல் துறையைக் கடக்கும்போது வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பெட்டிகளோடு தடுமாறிக்கொண்டு நின்றது. தவறான கப்பலுக்கு ரிக்கற் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா அழுகிற நிலையில் இருந்தார். மாமி என் கையை விட்டுவிட்டு அவர்களிடம் போனார். போய் இங்கிலீஷ் கதைத்தார். சாதாரணமாக இல்லை, மழை கொட்டின மாதிரி. எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, ரிக்கற்றை எங்கே மாற்றுவது, பெட்டியை எங்கே வைப்பது என்று எல்லாம் சொல்லி, கடைசியில் ஏதோ பகிடியும் விட்டார். அழ இருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. பெரியம்மாவின் இங்கிலீஷும் அப்பாவின் இங்கிலீஷும் சேர்ந்து வந்தாலும் மாமிக்குக் கிட்ட நிற்கமுடியாது.

எனக்கு வந்த கோபம்! சிவப்புப் பேனையோடு மூன்று கிழமை இந்த மனுசியை அல்லவா அதட்டியிருக்கிறேன்! "ஏன் பொய் சொன்னீங்கள்?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

மாமி என்னை ஒரு வாங்கில் இருத்தினார். தன் நாட்டில், கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில், வரவேற்பு மேசையில் ஏழு வருடம் வேலை செய்திருந்தாராம். "ஏழு வருசம் அந்தப் பாசையிலை ஓம் ஐயா, ஓம் அம்மா எண்டு சொன்னனான். உங்கடை வீட்டுக்கு நான் வேலைக்கு வரேல்லை, கலியாணம் கட்டி வந்தனான்" என்றார்.

"அப்ப பெரியம்மாவுக்குக் கதைச்சுக் காட்டுங்கோவன். பிரச்சினை முடிஞ்சுது."

"தண்ணி வார்க்கிறதுக்கு ஆர் வேணும்?"

"மாமி."

"நான் ஆர்?"

"மாமி."

"பிறகேன் சோதினை?" என்று கேட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி ஏச்சு வாங்குகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

கொண்டாட்டத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், பெரியம்மா வந்து இறங்கினார். தேத்தண்ணி குடித்த கையோடு மாமியை வரவேற்பறைக்குக் கூப்பிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு இங்கிலீஷில் கேள்விகளைத் தொடங்கினார். எப்படி இருக்கிறாய்? எத்தனை வருடம் சுவிஸில் இருக்கிறாய்? நாளைக்கு என்ன விசேஷம்? மாமி நிமிர்ந்து நின்று சிரித்தார். ஒரு சொல் பேசவில்லை. அப்பா, "அந்த நாலு வசனம், அந்த நாலு வசனம்" என்று கிசுகிசுத்தார். மாமி அவரையும் பார்த்துச் சிரித்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு மாம்பழம் சீவினார். அவருக்கு எல்லாம் தெரியும். சத்தியம் செய்திருந்த நான் அவருடைய தட்டிலிருந்த துண்டுகளை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

"பாத்தியே?" என்றார் பெரியம்மா அம்மாவிடம். "கூருக்கு ரெலிபோன் எடு."

மறுநாள் காலை என்னைப் பழைய பாவாடை சட்டையோடு குளியல் தொட்டிக்குள் ஒரு முக்காலியில் இருத்தினார்கள். எங்கள் குளியலறையில் இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும். வாசலில் ஒரு கூட்டம். கூர் மாமி செம்போடு உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் நிலையோடு, ஊதாச் சேலையில், தலையில் பூவோடு என் மாமி நின்றார். அவர் கூட்டத்தைத் தள்ளவில்லை, அழவில்லை, விலகவும் இல்லை. சும்மா நின்றார்.

கூர் மாமி செம்பைத் தாழ்த்தினார். "சொந்த மாமி பக்கத்திலை நிக்க நான் எப்பிடி வார்க்கிறது? எனக்கு மனம் ஒப்பேல்லை."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா சுவரைப் பார்த்தார். அப்போது அம்மா, அக்காவுக்கு முன்னால் அதுவரை குரல் உயர்த்தாத அம்மா, வாயைத் திறந்தார். "அக்கா, முறை எண்டால் அவதானே..."

நான் கத்தினேன். என்னால் அதற்குமேல் பொறுக்கமுடியவில்லை. "என்ரை மாமி வார்க்காட்டி நான் இதுக்குள்ளேயே இருப்பன்! மண்டபத்துக்கு வரமாட்டன்! சேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!" என்று காலை உதைத்தேன். முக்காலி வழுக்கியது, அம்மாவின் வசனம் பாதியில் நின்றது, கீழ்வீட்டுக்காரர் குழாயில் தட்டினார்.

பெரியம்மாவின் முகம் அந்தக் கணமே தெளிந்தது. "சரி, சரி, பிள்ளை ஆசைப்படுது" என்றார். "நல்ல நேரம் போகுது. செம்பை அவளிட்டைக் குடுங்கோ. பிள்ளையின்ரை ஆசைக்காக." எல்லோரும், ஓம், பிள்ளையின் ஆசை, பிள்ளையின் ஆசை என்று சொல்லிச் சிரித்தார்கள். யாரோ கமராவைத் தூக்கினார்கள்.

மாமி உள்ளே வந்து செம்பை வாங்கினார். என் நெற்றிக்கு மேலே ஒரு கையை அணைகட்டி, கண்ணுக்குள் போகாமல், மெல்ல வார்த்தார். நான் வென்றுவிட்ட பெருமையோடு அண்ணாந்து பார்த்தேன். நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்க, கப்பல் துறையில் கேட்ட அதே அழகான இங்கிலீஷில் சொன்னார்:

"ஏன் கத்தினாய்? நான் வென்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிடம்தான்."

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. ஆனால் செம்பு இப்போது அவருடைய கையில்தானே இருக்கிறது? கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தேன். மாமிக்கு இங்கிலீஷ் முழுக்கத் தெரியாதுதான், வெல்லுவது என்ற சொல்லைப் பிழையான இடத்தில் போட்டுவிட்டார், வருகிற புதன்கிழமை திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.