சந்திரகலாவின் சிவப்புக் கோடு

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். சந்திரகலாவுக்குப் பூமி வேண்டாம், சிவபாலன் ஒருவர் போதும். மூன்று வருஷமாக அந்த மனுஷன் தன் கையில் அகப்படும் நாளுக்காகக் கறுவிக்கொண்டிருந்தாள். காலையில் எழும்பியதும் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல், கைபேசியில் சேமித்து வைத்த ஒரு செய்தியை வாசிப்பாள். சிலர் தேவாரம் படிப்பதில்லையா, அதுபோல.

செய்தி இதுதான்: "எங்கட கராஜில ஒரு பொம்பிளை பூட்டினதால நடந்த பிழை இது. இனிமேல் பொம்பிளையளின்ர கையில எஞ்சின் குடுக்கிறதில்லை." சிட்னியில், பரமட்டாவில் கராஜ் வைத்திருக்கும் சிவபாலன், நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் குழுவில் கார் திருத்துகிற பெண் அவள் ஒருத்திதான்.

அந்த ஒருத்தி அங்கே வந்து சேர்ந்த கதை சும்மா கதையா? இருபத்தாறு வயதில் கலியாணம் கட்டிச் சிட்னிக்கு வந்தவள். முதியோர் இல்லத்தில் ஏழு வருஷம் படுக்கை விரித்தாள். முப்பத்து மூன்றில், பதினேழு வயதுப் பொடியன்களுக்கு நடுவில் குந்தியிருந்து மெக்கானிக் வேலை படித்தாள். "உமக்கென்ன விசரே?" என்று கேட்ட கணவன் சிறிதரன், ஆறு மாதத்தில் தன் காரின் பிரேக்கை அவளிடமே திருத்தக் கொடுத்தான். அதன் பிறகு சிவபாலனின் கராஜில் நாலு வருஷ வேலை. டர்போ கார் வந்தால் சிவபாலனே "கலாவைக் கூப்பிடுங்கோ" என்பார். அப்படிக் கூப்பிட்ட வாய்தான் பிறகு இப்படி எழுதியது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் குழாயைப் பூட்டினாலும், அதை இறுக்கும் கிளிப்பின் மேலிருந்து குழாய் வரைக்கும் கடுஞ்சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பாள். நாள் முழுக்க எண்ணெயில் கிடக்கிற நகத்துக்கு அந்தப் பூச்சு எதற்கு? குழாய்க்காவது அழகாக இருக்கட்டும். பிறகு யாராவது அந்தக் கிளிப்பைத் தொட்டுத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். உடையாவிட்டால், பூட்டியபடியே இருக்கிறது என்று அர்த்தம். "மனுசர் பொய் சொல்லுவினம், கோடு சொல்லாது" என்று பெருமையடித்துத் திரிவாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தின அந்தச் சனிக்கிழமையும் கோடு இழுத்துத்தான் முடித்தாள். கார் ஜெகதீஷ் என்ற மதுரைக்காரருடையது. டர்போ எஞ்சின் தன் காற்றோடு எண்ணெய்ப் புகையையும் சேர்த்து இழுத்துக் குடிக்கும். அதைப் பிரிப்பதற்கு செப்பரேட்டர் என்று ஒரு சின்ன உருளை பூட்டுவார்கள். புகை உள்ளே போகும், சுத்தமான காற்று மேல்வாயால் டர்போவுக்குப் போகும், பிரிந்த எண்ணெய் கீழ்வாயால் எஞ்சினுக்கே திரும்பும். கூடவே உருளையைச் சூடாக வைத்திருக்க ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஜெகதீஷ் அன்றைக்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில் வாகனப் பூசை வைத்திருந்தார். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு. அதற்குள் கார் கராஜை விட்டு வெளிக்கிட வேண்டும். சிவபாலன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து, "கலா, ராகு வரப்போறார், கெதியா!" என்று நின்றார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு வேலை முடிந்தது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசித்து, கார் பூசைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்தது.

பதினோராம் நாள் நெடுஞ்சாலையில் நீலப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் இறுகி நின்றது. கராஜின் காப்புறுதி புது எஞ்சினைக் கொடுத்துவிட்டது, ஜெகதீஷுக்கு நட்டமில்லை. நட்டம் சந்திரகலாவின் பெயருக்கு. உருளையைக் கண்ணால்கூடப் பார்க்க விடாமல் சிவபாலன் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார், அன்றைக்கே அந்தச் செய்தியையும் போட்டார். கலியாண வீடுகளில் பெண்கள் அவளுடைய கையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவள் ஒரு வான் வாங்கி, வீடு வீடாகப் போய்த் திருத்தத் தொடங்கினாள். சிவபாலனின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கழற்றி எடுத்தாள். தீபாவளிக்கு அவர் குழுவில் வாழ்த்துப் போட்டால் எல்லாரும் கைகூப்புவார்கள், அவள் மட்டும் மாட்டாள். அதெல்லாம் சில்லறைப் பழி. பெரிய பழிக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

சாட்சி தானாகவே வந்தது. ஹோம்புஷிலிருந்து ஜெகதீஷ் ஒருநாள் கூப்பிட்டார், ஆளை அடையாளம் தெரியாமல்.

"அக்கா, டர்போ வேலை நீங்க நல்லா செய்வீங்கன்னு சொன்னாங்க. புது எஞ்சினும் எண்ணெய் குடிக்குது. பழைய செப்பரேட்டர் குழாயோட அப்படியே பெட்டியில இருக்கு. எஞ்சின் மாத்தினவங்க டேப் போட்டுக் கொடுத்தாங்க, நான் பிரிக்கவே இல்ல. அதையே இதுல மாட்டித் தரணும்."

சந்திரகலா எழும்பி நின்றாள். தான் யார் என்று சொன்னாள். பிறகு சொன்னாள்: "தம்பி, அந்தப் பெட்டியைத் தொடாதேங்கோ. நான் வந்து, இன்னொராளுக்கு முன்னாலதான் திறக்க வேணும்."

அடுத்த அழைப்பு சிவபாலனுக்கு. மூன்று வருஷத்தில் முதல் பேச்சு. "சனிக்கிழமை எட்டு மணிக்கு வாங்கோ அண்ணை. வராட்டி, திறக்கிறதை வீடியோ எடுத்து அதே குறூப்பில போடுவன்."

சிவபாலன் வந்தார். மயிர் நரைத்து, வயிறு இறங்கி, முகம் கறுத்திருந்தது. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஜெகதீஷ் வீட்டு வாசலில் கார் மூடியைத் திறந்து வைத்தபடி மூவரும் நின்றார்கள். அவள் டேப்பைக் கிழித்தாள்.

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்க் குழாய். அதன் கிளிப்பில் சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, துண்டுகள் விலகி நின்றன. யாரோ கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அகப்பட்டாரடா ஆள்!

"இந்தக் கோடு என்ர. உடைச்சது ஆர்?"

சிவபாலன் தலையைக் குனிந்தார். "நான் தான் பிள்ளை. அண்டைக்கு நீ கை கழுவப் போன நேரம் ஒரு ஹோஸ் மடிஞ்சு கிடந்த மாதிரித் தெரிஞ்சுது. கழட்டித் திருப்பிப் பூட்டினனான். எந்த ஹோஸ் எண்டுகூட இப்ப ஞாபகமில்லை. எஞ்சின் போனவுடன, நான் தான் மாறிப் பூட்டிப்போட்டன் எண்டு பயந்திட்டன். அதுதான் முந்திக்கொண்டு உன்னில போட்டனான். குறூப்பில எழுதிறன். பிழை என்ர எண்டு எழுதிறன்."

கைபேசியை எடுத்தே விட்டார்.

சந்திரகலா உருளையை ஒருமுறை திருப்பினாள். மேல்வாயில் இருக்க வேண்டிய வளைந்த குழாய் கீழ்வாயில் இருந்தது. கீழ்வாய்க்குரிய குட்டைக் குழாய் மேலே. பிரித்த எண்ணெயையெல்லாம் டர்போ உறிஞ்சிக் குடித்திருக்கிறது, எஞ்சின் எண்ணெய் இல்லாமல் செத்திருக்கிறது. அந்த இரண்டு கிளிப்பிலும் சிவப்புக் கோடு நேராக, முழுசாக இருந்தது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

சிவபாலன் தொட்டது தண்ணீர்க் குழாயை. அதனால் ஒரு கேடும் வராது. எஞ்சினைக் கொன்றது அவளுடைய கை.

அந்த இரண்டு கோட்டையும் கண்டவள் அங்கே அவள் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த ஆள் தன் கையாலேயே தன் கழுத்தை அறுத்துக்கொள்வார், நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள். இதற்காகத்தானே மூன்று வருஷம்? வந்தது வெட்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. செய்யாததுக்கு இந்த ஆளை இப்போது அடித்தால், செய்ததுக்கு எப்போது அடிப்பது?

"நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றாள். "நீங்கள் தொட்டது தண்ணி ஹோஸ். அது ஒண்டும் செய்யாது. மாறிப் பூட்டினது இந்த ரெண்டும். கோடு உடையேல்லை. பூட்டினது நான்."

சிவபாலனின் முகத்தில் மூன்று வருஷப் பாரம் இறங்குவது தெரிந்தது. அதைக் காண அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப... அப்ப பிழை உன்னில தானே கலா?"

"ஓம். என்னில. அதை எழுதுங்கோ. 'சந்திரகலா மாறிப் பூட்டினவ' எண்டு பேரோட எழுதுங்கோ. ஆனா ஒரு சந்திரகலாதானே பூட்டினது? பொம்பிளையள் எல்லாருமே பூட்டினவை? நீங்கள் செய்த பிழை எண்டு நினைச்சுப் பயந்து என்ர பேரைக்கூடச் சொல்லாமல், எல்லாற்ற மண்டையிலயும் போட்டீங்களே, அதையும் எழுதுங்கோ. இஞ்ச நிண்டு எழுதுங்கோ. நான் வாசிச்ச பிறகுதான் நீங்கள் போறது."

சிவபாலன் எழுதினார். அவள் வாசித்தாள். 'சிறு தவறு' என்று அவர் நைசாக நுழைத்த இடத்தில் 'சிறு'வை அழிக்க வைத்தாள். 'மனம் புண்பட்டிருந்தால்' என்பதையும் அழிக்க வைத்தாள். "புண்பட்டுத்தான் கிடக்குது, அதில என்ன 'இருந்தால்'?" மூன்றாம் முறை எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அவர் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பிறகுதான் அனுப்ப விட்டாள். அடுத்த கணமே குழுச் செய்தி வந்து அவளுடைய கைபேசியும் அடித்தது. எடுக்கவில்லை.

சிவபாலன் போன பிறகு அவள் ஜெகதீஷைப் பார்த்தாள். "தம்பி, உங்கட எஞ்சினைக் கெடுத்தது நான். வேற ஆளைப் பாக்கிறதெண்டால் பாருங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ஜெகதீஷ் குனிந்து உருளையின் இரண்டு வாயையும் பார்த்தார். பிறகு அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். கொடுத்த கையோடு மணியையும் பார்த்தார்.

"எட்டு அம்பது ஆச்சுக்கா. ஒன்பதுக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒரு குழாயாவது மாட்டிடலாமா?"

சந்திரகலா வளைந்த குழாயைக் கழற்றினாள். மேல்வாயில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், திரும்ப வைத்துப் பார்த்தாள்.

"ராகு வந்தால் அவரையும் அந்த ஓரமா இருக்கச் சொல்லுங்கோ தம்பி," என்றாள். "நான் இதை இன்னொருக்காப் பாக்க வேணும்."