மாட்டுக்கு வந்த கொழுப்பு

எனக்கும் எங்கள் வீட்டுச் சீமைப் பசுவுக்கும் ஒரே வாரத்தில்தான் பிரசவம் ஆனது. அம்மா உயிரோடு இல்லாததால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பிள்ளை பெற்ற கையோடு அடி அண்ணாமலையில் மாமியார் வீட்டிலேயே கிடந்தேன்.

மாட்டைப் பார்க்க வந்த டாக்டர் மாமியாரிடம் சொன்னார்: "கன்னு போட்ட மாடு, தின்றதவிட ஜாஸ்தியா கறந்துடும்ங்க. உடம்பு உருகிடும். கொழுப்புப் பவுடர் தரேன், தீனியில கலந்து குடுங்க."

அன்றிலிருந்து மாமியார் அந்த வெள்ளைத் தூளைத் தவிட்டோடும் புண்ணாக்கோடும் தன் கையாலேயே பிசைந்து வைத்தார். பசுவின் மேல் மினுமினுப்பு ஏறியது. எனக்கு மூன்று வேளையும் ரசஞ்சோறு. பால் போதாமல் என் மகள் மார்பை இழுத்து இழுத்து அழுதாள். ஒருநாள் சோற்றில் கொஞ்சம் நெய் விடச் சொன்னேன்.

"மாட்டுக்குக் குடுத்தா கேன் ரொம்புது. உனக்குக் குடுத்தா என்னா ரொம்பும்?" என்றார் மாமியார். "உனக்குத்தான் ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்தியாச்சே."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். மாமியாரின் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது.

மறுநாள் காலை, செங்கம் ரோட்டு ஓட்டலுக்குப் பால் போவதற்கு முன், சொம்போடு கொட்டகைக்குப் போய் நானே கறந்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரையோடு குடித்தேன். அவர் விறுவிறுவென்று மகனைத் தேடி உள்ளே போனார்.

மத்தியானம் கணவர் கொட்டகைக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தார். பூட்டிச் சாவியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குழந்தை ஏன் இப்படி அழுகிறது என்று என்னைக் கேட்டார்.