நாய்க்காரர்

நொயல் அண்ணையை எங்கள் முதியோர் இல்லத்தில் தெரியாதவர் கிடையாது. வெயிலோ மழையோ, செவன் ஹில்ஸில் ரயில் ஏறி வெஸ்ட்மீட்டில் இறங்கி, காலைத் தேநீர் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். நான் அங்கே குசினியில் சமையல் வேலை செய்கிறேன். தேநீர் வண்டியோடு இரண்டாம் மாடிக்குப் போகும்போது லிஃப்டில் அவரும் நானும் வில்லோவும்தான். வில்லோ ஒரு மஞ்சள் லாப்ரடோர் நாய். பார்வை இழந்தவருக்கு வழிகாட்ட முறையாகப் பழக்கப்பட்டது.

அண்ணை ஊரில் பேசாலைக் கடற்கரைக்காரர். இந்த நாட்டுக்கு வந்து பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் நின்று உழைத்தவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டு வந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. கோப்பையை மேசைக்கு வெளியே வைத்து அது விழுந்து உடைந்த அன்று மனைவி மாக்கிறேட் அக்காதான் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிறகுதான் வில்லோ வந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் லேசில் விடுவார்களா? கொண்டாட்டத்துக்குச் சொல்லும்போதே "நாயை விட்டிட்டு வாங்கோ அண்ணை" என்பார்கள். "அப்ப என்ர கண்ணைக் கழட்டி வைச்சிட்டு வரட்டோ?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார்.

அக்காவுக்கு மறதி நோய் வந்ததும் அண்ணை அவரைத் தனியே பராமரிக்க முடியாமல் எங்கள் இல்லத்தில் சேர்த்தார். முதலில் அக்கா புருசனைத் தன் தம்பியின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வெறும் "ஐயா" ஆனார். கடைசியில் "நாய்க்காரர்". புருசனை மறந்துவிட்டார், ஆனால் நாயோடு வரும் மனிதரை மறக்கவில்லை. கதவடியில் வில்லோவைக் கண்டவுடன் அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

"நாய்க்காரர் வந்திட்டார்! வாங்கோ, இருங்கோ" என்று கதிரையைக் காட்டுவார். தேநீரோடு நான் கொடுக்கும் பிஸ்கட்டில் ஒன்றைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பார். அண்ணை நாயின் மேல் பூட்டியிருக்கும் பிடியைக் கழற்றிய பிறகுதான் அது வேலை முடிந்து வெறும் நாயாகும். அப்போது பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டே அக்கா அவரிடம் கதை சொல்வார். "என்ர மனுசன் நல்லவர். கடலுக்கு மேல தூரத்தில வாற வள்ளத்தை, இன்னாற்ற வள்ளம் எண்டு கரையில நிண்டு சொல்லுவார். அவ்வளவு கண்." அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். "அப்பிடியோ? நல்ல மனுசன் போல" என்பார். என்னால் அந்த அறையில் நிற்க முடியாது.

பிறின்சி அவர்களுடைய ஞானமகள். பிள்ளை இல்லாத இருவரும் கையில் ஏந்தி நின்று ஞானஸ்நானம் கொடுப்பித்த பெண். கலியாணம் முறிந்து தனியே இருக்கப் பயந்து றொக்கி என்று ஒரு பெரிய நாயை வாங்கினாள். அதை நான் குறை சொல்லவில்லை. மனத்துக்கு ஆறுதல் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் கடை, கோப்பிக் கடை என்று போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோக ஆசைப்பட்டு, ஒன்லைனில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கிப் போட்டாள். 'சேவை நாய்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த நாய் செய்த ஒரே சேவை அவளுடைய சோபாவைக் கடித்துக் குதறியது.

"உது பழக்கின நாயோ பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லை அன்ரி. சட்டை போட்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். நொயல் மாமான்ர நாய் போகலாமெண்டால் என்ர ஏன் போகக்கூடாது?"

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் அவள் கெட்டவள் அல்ல. மாமிக்கு நாய் என்றால் உயிர், இன்னொரு நாயும் வந்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்துத்தான் றொக்கியை இல்லத்துக்குக் கொண்டுவந்தாள். வரவேற்பில் நின்ற பெண் சட்டையைப் பார்த்தாள், கேள்வி கேட்காமல் உள்ளே விட்டாள்.

வழக்கம்போல் அண்ணையும் நானும் வில்லோவும் தேநீர் வண்டியோடு போய் இரண்டாம் மாடியில் லிஃப்ட் திறந்தபோது றொக்கி வாசலில் நின்றது. பிறின்சியின் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து வில்லோவின் காதைப் பிடித்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஓட இடம் ஏது? தேநீர் வண்டி சரிந்து சுடுதண்ணீர் ஊற்றியது. அண்ணை "வில்லோ! வில்லோ!" என்று கையைத் துழாவினார். வில்லோ திருப்பிக் கடிக்கவில்லை. பிடி பூட்டியிருந்தது, அது வேலையில் இருந்தது. அவர் காலோடு ஒட்டிக்கொண்டு கடியை வாங்கிக்கொண்டே நின்றது. பிறின்சி கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் றொக்கியைப் பிரித்தாள்.

அலுவலகத்தில் முறையிடுவோம் என்றேன். அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயைத் திறக்காதையும் தங்கச்சி. பொலிஸ், கோட்டு வழக்கு எண்டு அந்தப் பிள்ளை அலையிறதோ? நான் ஏந்தின பிள்ளை."

"வில்லோவை ஆர் ஏந்தினது அண்ணை?"

அண்ணை கேட்கவில்லை. அலுவலகத்தில், சின்னச் சண்டை, ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். நாயைப் பழக்கிக் கொடுத்த அமைப்பிலிருந்து வந்த பயிற்சியாளரிடமோ, செவன் ஹில்ஸ் தெருவில் யாரோ கட்டாமல் விட்ட நாய் கடித்தது என்று பொய் சொன்னார். ஞானத்தகப்பன் அல்லவா, காட்டிக்கொடுப்பாரா!

அந்தப் பயிற்சியாளர் பெண் பாவம், அவர் சொன்னதை நம்பி, காது ஆறியதும் வில்லோவை செவன் ஹில்ஸ் தெருக்களிலேயே நடத்தி நடத்திப் பார்த்தாள். அங்கே அது குறையில்லாமல் நடந்தது. இனிப் பயமில்லை, வேலைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டாள். திரும்பி வந்த முதல் நாளே எங்கள் லிஃப்ட் திறக்க, வில்லோ தரையோடு படுத்துவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம். நின்ற இடத்திலேயே சிறுநீர் போனது. அண்ணை கெஞ்சிக் கூப்பிட்டார். அடுத்த நாளும் அதே கதி. அதற்கு அடுத்த நாள் வெளிவாசலைத் தாண்டவே மறுத்துவிட்டது. பிறகு வெஸ்ட்மீட் ஸ்ரேசனில் ரயிலை விட்டு இறங்காமல் கிடந்தது.

பயிற்சியாளர் வந்து பார்த்தாள். "இங்கேதான் நடந்ததா?" என்று கேட்டாள். அண்ணை குனிந்து வில்லோவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பொறுக்க மாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. "முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த லிஃப்டுக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டேன். மெல்ல மெல்லப் பழக்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பயந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப இழுத்துவந்ததில் அது உடைந்துவிட்டது. வில்லோ இனி வேலை செய்யாது. ஓய்வு கொடுத்து மலைப்பக்கம் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். வேறு நாய்க்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். அக்காவோ அதற்குள் படுக்கையாகிவிட்டார்.

பிறின்சி அழுதுகொண்டு வந்தாள். "மாமா, நான் றொக்கியைக் கொண்டு வரட்டோ? மாமிக்கு வித்தியாசம் தெரியாதுதானே" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

"அவவுக்கு ஞாபகத்தில மிஞ்சினது அந்த நாய் ஒண்டுதான் பிள்ளை. அதிலயும் பொய் வேண்டாம்" என்றார் அண்ணை. அவளை அதற்கு மேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. அவள் போன பிறகு குசினி வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது என்னுடைய காரில்தான் வருகிறார். வில்லோ இல்லாமல் முதல்முறை வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். அக்கா எங்களுக்குப் பின்னால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா ஆர்? தெரியேல்லையே."

அண்ணையின் விரல்கள் என் தோளில் இறுகின. "தெரிஞ்ச ஆள்தான் அம்மா. சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்."

"நாய்க்காரர் இண்டைக்கு வரேல்லை. உடம்புக்கு வருத்தமோ தெரியாது. நல்ல மனுசன், ஒருநாளும் வராமல் விடமாட்டார்." அக்கா தலையணைக்குக் கீழே துழாவி, உடைந்துபோன ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். தன் முன்னால் நீண்ட கையை அண்ணையால் பார்க்க முடியவில்லை. நான்தான் அண்ணையின் கையைப் பிடித்து அந்தப் பிஸ்கட்டை அதில் வைத்தேன்.

"வழியில கண்டால் அவரிட்டக் குடுத்துவிடுங்கோ ஐயா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றார் நொயல் அண்ணை.